உன் அப்பாவின் கரி கேஸ் உலை

தாவீது,

இதுவரை உனக்கு எழுதின கடிதமெல்லாம் 'கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு' என்றுதான் தொடங்கும். இன்றைக்கு அப்படித் தொடங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. நான்காக மடித்து, மேலே உன் விலாசத்தை எழுதி, பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பப்போகிறேன். அவர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். இதையே இன்னும் இரண்டு தரம் பார்த்து எழுதி, ஒன்றை நம் சபை ஐயரிடம் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்வேன். இன்னொன்று கிருஷ்ணகிரிக்கு, உனக்குப் பேசியிருக்கிற எஸ்தர் வீட்டாருக்கு. அப்பா செத்து இத்தனை நாள் தள்ளிப்போன கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதா என்று நினைப்பாய். இத்தனை நாள் பிசகியிருந்தது, இப்போதுதான் கொஞ்சம் நேராகியிருக்கிறது. பொறுமையாகப் படி.

போன வாரம் வந்த உன் கடிதத்தில் இரண்டு சங்கதி எழுதியிருந்தாய். ஒன்று, ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்து கத்தி அடிப்பதற்காக ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, சிலிண்டர் கேஸில் எரிகிற உலை ஒன்றை நீயே கட்டியிருக்கிறாய் என்பது. இரும்பின் நிறம் தெரிய இருட்டு வேண்டும் என்று ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணியும் அடித்துவிட்டாயாம். இரண்டாவது, கல்யாண அழைப்பிதழில் அப்பா பெயரைப் போட வேண்டாம் என்பது. 'நான் அவரை மாதிரி குடித்துச் சாக மாட்டேன், நீ பயப்படாதே' என்று கடைசியில் ஒரு வரி வேறு. அடேயப்பா, என்ன ஆறுதல்! அந்த வரியைப் படித்துவிட்டு, அடுப்பில் களி தீய்ந்து நாறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா குடிக்கவில்லை, தாவீது. பட்டறையில் அவர் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த ஆறு மாசத்தில் ஒரு சொட்டுக்கூட அவர் வாயில் படவில்லை. உன்னைப் போலவே அவரும் ஒரு கேஸ் உலை கட்டினார். அதன் கேஸ்தான் அவரைத் தள்ளாட வைத்தது, அதுதான் கொன்றது. இது எனக்கு இரண்டரை வருஷமாகத் தெரியும். தெரிந்தும் உன்னிடம் மூச்சு விடவில்லை. ஏன் என்று நீ கேட்பாய், கேட்க வேண்டியதுதான்.

உன் அப்பா பரம்பரைக் கொல்லர் இல்லை, உனக்கே தெரியும். சண்டைக்காலத்தில் பட்டாளத்துப் பட்டறையில் இரும்பு வேலை கற்றுக்கொண்டு வந்தவர். லாரியின் வில்பட்டையை வெட்டிக் காய்ச்சிக் கத்தி அடித்து, குந்தாரப்பள்ளிச் சந்தைக்குக் கொண்டுபோவார். தளிப் பக்கத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள் தழை நறுக்க அவர் கத்தியைத்தான் கேட்பார்கள். துருத்தி இழுத்ததும் சம்மட்டி போட்டதும் நான். நீ வயிற்றில் எட்டு மாசமாக இருந்தபோதுகூட இழுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆள் கிடையாது. இருபது வருஷம் இழுத்ததில் வலது தோள் போயிற்று. கையைத் தூக்கித் தலை பின்ன முடியாமல், கொண்டையைக் கோணலாக முடிந்துகொண்டு கோயிலுக்குப் போவேன்.

அப்போது பெங்களூர் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக்கடைக்காரர் ஓட்டல்களுக்குக் கத்தி வேண்டும் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். நம் கத்திகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லா ஒந்தே தர இர்பேக்கு" என்றார். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். கரி உலையில் அது நடக்காது. காற்று ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். கத்தியின் நுனி வெந்துபோகும், அடி வேகாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பா ஒரு கத்தியை எடுத்து நுனியையும் அடியையும் மாறி மாறித் தடவிக்கொண்டே வந்தார். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் எல்லைக்குள் வந்ததும், "கேஸுல காச்சுனா நீளத்துக்கும் ஒரே சூடு நிக்கும் புள்ள" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வீட்டுல ஒல வெக்க அரிசி இல்ல, இவரு கேஸு வெக்கப் போறாரு" என்றேன். என் வாய் அப்போதும் அப்படித்தான்.

சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் ஒரு இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைக் கொளுத்தி, அதிலிருந்து வரும் கேஸில் பஸ் ஓட்டினார்கள். அப்படிப்பட்ட பீப்பாய் ஒன்று கிருஷ்ணகிரியில் ஒரு பழைய பஸ் ஷெட்டின் பின்னால் முள்ளுக்குள் கிடந்தது. அந்தக் காலத்தில் அந்த பஸ்ஸை ஓட்டிய மாதப்பன், உன் அப்பாவின் சந்தைச் சிநேகிதர், அதை வாங்கிக் கொடுத்தார். மாட்டுவண்டியில் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். புற்றுமண்ணும் உமியும் சேர்த்துக் குழைத்து, பழைய தகர டின்னுக்குள் கனமாகப் பூசி, காய வைத்து, அதை உலைப்பெட்டி ஆக்கினார் உன் அப்பா. பீப்பாயிலிருந்து அதற்கு ஒரு குழாய், குழாய் சேருகிற இடமெல்லாம் களிமண் பூச்சு. பெங்களூர் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன மோட்டாரை வாங்கி வந்து காற்றுக்கு வைத்தார். முதல் நாள் அது எரிந்ததைப் பார்க்க வேண்டுமே! புகை கிடையாது, பொறி கிடையாது. பெட்டிக்குள் நீலமாக ஒரு தீ நிதானமாக நின்றது. உள்ளே நீட்டின பட்டை நுனியிலிருந்து அடிவரை ஒரே சிவப்பாக வெளியே வந்தது. "இனிமே நீ துருத்தி இழுக்க வேணாம் புள்ள. போயி ஒக்காரு, தோளுக்கு எண்ண போடு" என்றார். எனக்காகத்தான் கட்டினாரோ, பாத்திரக்கடைக்காரருக்காகத்தான் கட்டினாரோ, அது அவருக்கும் கர்த்தருக்கும்தான் வெளிச்சம். எனக்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதுதான் குத்துகிறது.

இந்த இடத்தைக் கவனமாகப் படி. மோட்டார் வந்த பிறகு எனக்குப் பட்டறையில் வேலை இல்லை. சம்மட்டி போட வேண்டியது இருந்தால் வெளியே, இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லுக்கு வருவேன், அவ்வளவுதான். பழையபடி நான் துருத்தி அருகில் உட்கார்ந்திருந்தால் எனக்கும் தலை வலித்திருக்கும், எனக்கும் கால் பின்னியிருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். அடுப்பங்கரையில் ஓய்வாக உட்கார்ந்து தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

மரத்தடியில் இரண்டு மாசம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு மழை பிடித்தது. கரி நனைந்து, மண் பூச்சு கரைந்து, பீப்பாய் மூளவே இல்லை. அதோடு, கத்திக்குத் தோய்ச்சல் போடுவது வெளிச்சத்தில் ஆகாது. பழுக்கக் காய்ந்த கத்தியை எண்ணெயில் முக்கி உரம் ஏற்றுகிற வேலை அது. நிறம் பார்த்து எடுக்க வேண்டும். "எலந்தப்பழ நெறத்துல எடுத்தா கத்தி. ஆரஞ்சுத் தோலு நெறத்துக்குப் போச்சுன்னா அது கண்ணாடி, கீழ வுழுந்தா ஒடையும்" என்று உனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அதனால்தான் நீ ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறாய். பீப்பாயைப் பட்டறைக்குள்ளேயே நகர்த்தினார். பழைய கீற்றுக்கூரையாக இருந்தால் ஆயிரம் ஓட்டை இருந்திருக்கும். முந்தின கோடையில் பொறி பட்டுக் கூரை பற்றிக்கொண்டதால் தகரம் போட்டிருந்தோம். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நனைத்த கோணிச்சாக்கு தொங்கவிடுவது என் வேலை. வெளிச்சம் ஒரு கீற்றுகூட உள்ளே போகாதபடி விளிம்பில் கல் வைத்து அழுத்திவிட்டு வருவேன். எந்த வேலை செய்தாலும் நறுவிசாகச் செய்ய வேண்டும் என்று போர்டிங் ஸ்கூலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் தலைவலி என்றார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். பிறகு வாந்தி. பிறகு ஒரு நாள் சாயங்காலம் சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், வாசற்படியில் கால் வைக்கத் தெரியாமல் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொன்னார், நாக்கு புரளவில்லை. கல்யாணமான புதிதில் அவர் இரண்டு வருஷம் குடித்தவர். நம் பக்கம் மதுவிலக்கு. ஆறு மைல் தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் போனால் அத்திப்பள்ளியில் சாராயக்கடை. நீ பிறந்த அன்றைக்குச் சபையில் முழங்கால் போட்டு அதை விட்டார். இருபது வருஷம் தொடாத மனிதன். ஆனாலும் அன்று அவரைப் பார்த்ததும் என் மனசு நேராக அத்திப்பள்ளிக்குத்தான் போயிற்று.

கத்தினேன். "இந்த வயசுல மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? வெக்கமா இல்ல ஒனக்கு?" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "யாரு குடிச்சா? நானா?" என்றார். அடுத்த நாள் அவர் சந்தைக்குப் போனதும் கரிக்குவியலைக் கிளறினேன், எண்ணெய் டின்னுக்குள் கைவிட்டேன், கூரை விட்டத்தில் ஏறித் துழாவினேன். புட்டி இல்லை. புட்டி இல்லை என்றால் குடிக்கவில்லை என்று ஒரு மாடு மேய்க்கிறவள்கூட நினைப்பாள். நான், ஒளித்து வைப்பதில் ஆள் தேறிவிட்டார், வாயில் வாடை வராமல் கிராம்பு மெல்லவும் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டறையை விட்டு நகராத மனிதன் எந்த நேரத்தில் ஆறு மைல் போய் வந்தான் என்று யோசிக்க என் எட்டாம் வகுப்புப் படிப்பு போதவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். சந்தைக்குப் போகிற வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குத் தலைவலி வராது. அதையும் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். "ஊரு சுத்தற அன்னிக்கு மட்டும் ஒடம்பு நல்லா இருக்குது. வேல செய்யற அன்னிக்குத்தான் ஒனக்கு எல்லாம் வருதா?" அவரே குழம்பிப்போய், "அதாம் புள்ள, எனக்கும் தெரியல" என்றார். விடை என் வாயிலேயே இருந்தது, நான் அதை வசவாக்கித் துப்பிவிட்டேன்.

வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். "வேதத்து மேலயே பொய்யா" என்று புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அதற்குப் பிறகு அவர் சத்தியம் செய்யவில்லை, வாதாடவும் இல்லை. நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன், உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். கட்டினவள் இல்லை என்று சொன்னால், ஒரு தடவையாவது அதை அப்படியே நம்பிப் பார். நம்பி ஏமாந்தால் காசோ மானமோ போகும், அது திரும்ப வரும். நான் நம்பாமல் இருந்ததில் போனது திரும்பவில்லை.

பக்கத்து வீடு சபை மூப்பர் வீடு, நடுவில் இடுப்பளவு வேலிதான். உன் அப்பா தள்ளாடுவதை அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்கு உயிர் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் நான் மூடக்கூடியதை மூடினேன். சாக்கை இரண்டு மடிப்பாக்கினேன். தோய்ச்சல் இல்லாத நேரத்திலும் தொங்கவிட்டேன். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கந்தலைத் திணித்தேன். மார்கழிப் பனி வந்ததும், குளிருகிறது என்று காரணம் சொல்லி, கதவையும் சாத்தினேன். அவர் அதிகமாகத் தள்ளாடினார். நான் இன்னும் இறுக்கமாக மூடினேன். நான் மூட மூட அவர் தள்ளாடினார். இப்படித்தான் நடந்தது.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். கேக் பொட்டலத்தோடு நேராகப் பட்டறைக்குப் போனாய். சாக்கை விலக்கிக்கொண்டு வந்தவர் உன் மேலேயே சாய்ந்தார், உன் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தார். நீ தள்ளினாய். பட்டைக் குவியலில் விழுந்து நெற்றி கிழிந்தது. "இனிமே ஒன்ன அப்பான்னு கூப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சோற்றில் கை வைக்காமல் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் வைத்துக் கட்டும்போது உன் அப்பா சிரித்தார். "கையில நல்ல பலம் ஏறியிருக்குது பையனுக்கு. சம்மட்டி போட்டா நல்லாப் போடுவான்" என்றார். அவர் உன்னைப் பற்றிச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், கோபம் துளிகூட இல்லை.

பிப்ரவரி மாசத்தில் ஒரு சனிக்கிழமை உச்சிவேளைக்கு அவரைப் பட்டறைக்குள் பார்த்தேன். சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தபடி இருந்தார், உயிர் இல்லை. அன்று காலையில் நடந்ததை இப்போது எழுத எனக்குக் கை வரவில்லை, கொஞ்சம் பொறு, கட்டாயம் எழுதுகிறேன். முகமும் உதடும் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்து கிடந்தன. வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். "பாரு, சாராயம் எப்படி செவக்க வெச்சிருக்குது" என்று மூப்பர் மனைவி என் காதுபடச் சொன்னாள். மதுவிலக்கு வழக்கு ஆகிவிடும் என்று பயந்து அன்றைக்கே அவசரமாக அடக்கம் செய்தார்கள். கோயில் மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் இடம் கொடுத்தார்கள். நீ வந்தாய், கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய். ஒரு பிடி மண் போட உன்னைக் கூப்பிட்டார்கள், நீ வரவில்லை. எனக்கு அப்போது உன் மேல் வருத்தம்கூட இல்லை.

ஒரு மாசம் கழித்து மாதப்பன் வந்தார். சேதி தாமதமாகத் தெரிந்ததாம். பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர் பீப்பாய் உள்ளே நிற்பதைக் கண்டதும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். "வெளியதான வெக்கச் சொன்னேன் ஆசாரிகிட்ட. உள்ள எதுக்கும்மா கொண்டாந்தாரு?" என்றார். மழை என்றேன். மோட்டார் எந்தப் பக்கம் என்று கேட்டார், காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "பஸ்ஸுல இன்ஜின் கேஸ உறிஞ்சும், அதனால வெளிய கசியாது. இவரு மோட்டார வெச்சுத் தள்ளியிருக்காரு. தள்ளினா ஒவ்வொரு சந்துலயும் வெளிய வரும்மா. அந்தக் கேஸுக்கு வாசன கெடையாது, பொகையும் கெடையாது. மொதல்ல தல வலிக்கும், அப்புறம் வாய் கொழறும், காலு பின்னும். பாக்கறவன் குடிச்சிருக்கான்னுதான் சொல்லுவான். எங்க ஷெட்டுல ரெண்டு கிளீனருங்க அப்படித்தான் போய்ட்டானுங்க. ஆமா, மூஞ்சி செவந்து கெடந்துச்சா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "ஒதடும்?" என்றார். அதற்கும் ஆட்டினேன். அவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் போனதும் சம்மட்டியை எடுத்து அந்தப் பீப்பாயை நெளிந்து தட்டையாகிற வரைக்கும் அடித்தேன். தோள் வலி ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

மறுநாளே உனக்கு எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். குடிகாரன் பொண்டாட்டி என்றால் ஊர் இரக்கப்படுகிறது, தாவீது. எனக்குச் சபையில் அரிசி கொடுத்தார்கள். மூப்பர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை பொறுமை உனக்கு என்றாள். நீயும் மாசம் தவறாமல் எழுதினாய், அம்மா பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று. உண்மையைச் சொன்னால் சாக்கு யார் போட்டது, இடுக்கை யார் அடைத்தது என்று கேள்வி வரும். செத்தவருக்கு மானம் எதற்கு, இருக்கிறவளுக்குத்தானே வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் பெயரை விற்று இரண்டரை வருஷம் சாப்பிட்டேன். இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

நீ அழைப்பிதழைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால், இப்போதும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. ஜன்னலுக்குப் பலகை அடித்தேன் என்று எழுதினாயே, அதுதான் என்னை எழுப்பிவிட்டது. உன் சிலிண்டர் கேஸ் நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. அறைக்குள் தீ எரிந்தால் அறையின் காற்றைத்தான் அது தின்னும், அவ்வளவு எனக்குத் தெரியும். சிலிண்டரை வெளியே வை. உலையைக் கதவுக்கு நேரே வை. கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், பக்கத்து வீட்டான் சத்தம் என்று சண்டைக்கு வந்தால் வரட்டும். நிறம் பார்க்க அறையை இருட்டாக்க வேண்டியதில்லை. பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, உள்ளே கரி பூசி, உலைக்குப் பக்கத்தில் படுக்க வை. கத்தியை எடுத்து அந்த டின்னுக்குள் நீட்டிப் பார், பட்டப்பகலிலும் இலந்தைப்பழம் தெரியும். நானே செய்து பார்த்தேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள்தான் ஆயிற்று, அவர் போன பிறகு.

அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கும். அச்சாபீஸில் நானே போய்ச் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. என் பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை, இனி எழுதுவதைப் படித்துவிட்டு நீ முடிவு செய்.

அந்தச் சனிக்கிழமை காலையில் எஸ்தரின் அப்பாவும் அம்மாவும் அவர்கள் சபை ஐயரும் நம் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. உனக்குத் தெரியும், அவர்கள் வந்ததும் தெரியும். உன் அப்பா வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்திருந்தார். "நானும் வந்து ஒக்காரட்டுமா?" என்றார். "ஒண்ணும் வேணாம். நீ தள்ளாடிகினு வந்து நின்னா எவன் பொண்ணு குடுப்பான்? பட்டறைக்குள்ளயே கெட" என்றேன். போனார். மோட்டாரைப் போட்டார். நான் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன், கதவைச் சாத்தினேன். வெளித்தாழ்ப்பாளையும் போட்டேன். தாவீது, தாழ்ப்பாளைப் போட்டது நான்.

அவர்கள் வந்ததும், வீட்டுக்காரர் தளிக்குக் கத்தி கொண்டுபோயிருக்கிறார் என்றேன். காப்பி எடுக்க அடுப்பங்கரைக்கு வந்தபோது பட்டறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். "ஏ புள்ள, கதவத் தொற. தல சுத்துது, கொஞ்சம் காத்து வேணும்" என்றார். நான் கதவில் வாயை வைத்து, "தல சுத்தற வரைக்கும் குடிக்கச் சொன்னது யாரு? அவங்க போறவரைக்கும் சத்தம் காட்டாத" என்றேன். "சரி" என்றார். இவ்வளவு பேச்சுக்கும் அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான். பிறகு இரண்டு தடவை தட்டினார், மெதுவாக, வெளியே கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. எஸ்தரின் அப்பா, "என்னம்மா சத்தம்?" என்றார். "பக்கத்துல மாடு கட்டியிருக்காங்க, தகரத்துல ஒரசுது" என்றேன். சாப்பிட்டார்கள். ஐயர் நீளமாக ஜெபம் செய்தார், இந்தக் குடும்பத்தின் தலைவரை ஆசீர்வதியும் என்று கேட்டார், நான் ஆமென் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் அவர்களை ஏற்றிவிட்டுத்தான் திரும்பி வந்து திறந்தேன்.

எஸ்தர் வீட்டார் இதைப் படித்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அன்று அந்தச் சத்தத்தை அவர்களும் கேட்டார்கள், அது என்ன சத்தம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. கல்லறையில் உன் அப்பாவுக்கு நீ போட வேண்டிய ஒரு பிடி மண் பாக்கி இருக்கிறது, அதற்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. என்னை அம்மா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். என்ன திட்டுவாயோ அத்தனையும் திட்டு, நேரில் வந்து திட்டு, வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதெல்லாம் அப்புறம். இந்தக் காகிதத்தைக் கீழே வை, எழுந்து போய் அந்தப் பலகையைப் பிடுங்கு.